கருங்குளத்துக்கு முன்னால் ஒரு நிறுத்தம்

5 ஆகஸ்ட் 2024

பேராசிரியர் தில்லைநாயகம் இன்று என் ஆய்வுத் தலைப்பைத் திருத்தினார். "செல் எங்கே வெட்டுவது என்பதை எப்படித் தேர்ந்தெடுக்கிறது" என்று இருந்தது. அதை "செல் வெட்டுமிடத்தைத் தேர்ந்தெடுக்கும் பாங்கு" என்றாக்கினார். காலையில் உட்கார்ந்தவர் சாப்பாட்டு நேரத்தில்தான் எழுந்தார். நடுவில் தம்பி மகனுக்குக் கல்லூரியில் இடம் கேட்டு இரண்டு பேரிடம் தொலைபேசியில் பேசினார். 'பாங்கு' என்று எழுதி முடித்ததும் பேனாவை மூடிவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஆய்வே முடிந்துவிட்டதுபோல ஒரு களைப்பு முகத்தில்.

வீட்டில் அம்மா கேட்டாள்: "நாலு வருசமா என்னத்தளா வெட்டுத?"

"நான் வெட்டல. செல்லுதான் வெட்டுது. எங்கன வெட்டுதுன்னு நான் பாக்கேன்."

"பாத்துட்டியா?"

"இன்னும் இல்ல."

"அதுவாச்சும் வேல செய்யுதே" என்று தேங்காய் துருவப் போய்விட்டாள்.

அம்மாவுக்குப் புரியாதது ஒன்றுமில்லை. மரபணுவிலிருந்து செல் ஒரு படி எடுக்கிறது. அந்தப் படிக்கு ஆர்.என்.ஏ. என்று பெயர். அதில் பெரும்பகுதி உதவாத சரக்கு. அதை வெட்டி எறிந்துவிட்டு மீதியை ஒட்டினால்தான் புரதம் செய்ய முடியும். எங்கே வெட்டுவது என்று காட்ட இரண்டெழுத்து அடையாளம் உண்டு. சிக்கல் என்னவென்றால் அந்த இரண்டெழுத்து ஆர்.என்.ஏ. முழுக்க ஆயிரக்கணக்கில் இறைந்து கிடக்கிறது. அத்தனையையும் விட்டுவிட்டுச் சரியான இடத்தை மட்டும் அது எப்படிப் பிடிக்கிறது? நாலு வருடமாக நான் கேட்டுக்கொண்டிருப்பது இதைத்தான். பாங்காக.

11 ஆகஸ்ட்

ஸ்ரீவைகுண்டம் போய்க் கெசியாவைப் பார்த்துவிட்டு வந்தேன். பாளையங்கோட்டைப் பள்ளியில் என் பெஞ்சுக்காரி. அத்தை மகன் ஜெபசீலனைக் கட்டிக்கொண்டு போனவள். அவளுடைய மாமியார் சாலோமி அவளுக்குச் சொந்த அத்தை, அப்பாவின் தங்கை. "வெளிய பொண்ணெடுத்தா எங்க ரத்தம் கலங்கிரும்" என்று நிச்சயத்தன்று எல்லாரும் கேட்கச் சொன்னவர். அன்றைக்கு நான் கேசரி தின்றுகொண்டே தலையாட்டினேன். கேசரி நன்றாக இருந்தது.

இப்போது அவள் மகன் ஜெய்சனுக்கு நாலு வயது. உடம்பெல்லாம் நீலம். தொடையில் ஒன்று, முதுகில் இரண்டு, பழையது பச்சையாகி மஞ்சளாகிக்கொண்டிருக்கிறது. பிறந்தபோது தொப்புள்கொடி விழுந்த இடத்தில் ரத்தம் நிற்கவில்லை. போன வருடம் கட்டிலில் தலையை இடித்துக்கொண்டு, மண்டைக்குள் கசிந்து, பிழைத்ததே பெரிது. ரத்தம் உறைகிறதா என்று பார்க்கும் சோதனைகள் எல்லாவற்றிலும் அவன் தேறிவிடுகிறான். உறைகிறது. மறுநாள் கரைந்துவிடுகிறது.

பள்ளியில் ஆசிரியை முதுகைப் பார்த்துவிட்டு, "யார் அடிச்சா?" என்று கேட்டிருக்கிறார். "அம்மா" என்றிருக்கிறான். யார் சோறு ஊட்டினா, யார் சட்டை போட்டுவிட்டா, எது கேட்டாலும் அவனுக்கு ஒரே பதில்தான். தலைமையாசிரியை கெசியாவைக் கூப்பிட்டு அரைமணி நேரம் அன்பாகப் பேசினாராம். அந்த அன்பைத்தான் தாங்க முடியவில்லை என்கிறாள்.

சாலோமி அத்தை காப்பி கொண்டுவந்து வைத்துவிட்டுச் சொன்னார்: "நான் ஒண்ணும் சொல்லல பிள்ள. பிள்ளைய பூ மாதிரித் தொடணும். அம்புட்டுதான் சொல்லுவேன்."

ஒன்றும் சொல்லாதவர்கள் எவ்வளவு சொல்கிறார்கள்.

வாசலில் கெசியா கேட்டாள்: "ஏட்டி, நீயும் அப்படித்தான் நெனைக்கியா?"

இல்லை என்றேன். உடனே சொன்னேனா? உடனேதான் சொன்னேன் என்று நினைக்கிறேன். நினைக்கிறேன் என்று ஏன் எழுதுகிறேன்?

இரவு

மரபணுச் சோதனை முடிவைக் கைபேசியில் அனுப்பியிருந்தாள். பதின்மூன்றாம் காரணி என்று ஒரு புரதம். உறைந்த ரத்தத்தை இழுத்துக் கட்டி இறுக்குவது அதன் வேலை. அது இல்லாவிட்டால் ஜெய்சனுக்கு நடப்பதெல்லாம் நடக்கும். அதன் அளவையும் பார்த்திருக்கிறார்கள். ஆனால் அதற்கு முந்தின நாள்தான் அவனுக்குப் பிளாஸ்மா ஏற்றியிருக்கிறார்கள். யாரோ ஒரு புண்ணியவானின் காரணியை அளந்துவிட்டு "போதுமான அளவு உள்ளது" என்று எழுதியிருக்கிறார்கள். ஏற்றியது கரைய வாரக்கணக்காகும். அதற்குள் பயல் அடுத்த கட்டிலைத் தேடிப் போய் இடித்துக்கொள்கிறான், மறுபடி பிளாஸ்மா.

அந்தக் காரணியின் மரபணுவில் அவனுக்கு ஓர் எழுத்து மாறியிருக்கிறது. அப்பா வழி, அம்மா வழி இரண்டு படியிலும் அதே மாற்றம். ஆனால் மாறிய எழுத்தால் புரதத்தில் மாற்றம் வராதாம். ஆகவே "பாதிப்பற்றது".

அந்த எழுத்தைச் சுற்றிலும் என்ன இருக்கிறது என்று பார்த்தேன். பார்த்துக்கொண்டே இருந்தேன். அந்த மாற்றத்தால் வெட்டும் அடையாளம் ஒன்று புதிதாக உருவாகியிருக்கிறது. நல்ல அடையாளம். உண்மையானதைவிட நல்லது.

தோழி அழுதுகொண்டிருக்கிறாள், எனக்கு இங்கே கைகால் பரபரக்கிறது. படித்தவர்களின் இரக்கம் இப்படித்தான் இருக்கும் போல.

12 ஆகஸ்ட்

தில்லைநாயகம் சார் ஒரு பார்வை பார்த்துவிட்டு, "புரதம் மாறலேல்லா? அப்ப அது சைலண்ட். சைலண்டுன்னா சைலண்ட்தாம்மா. வாயில்லாததப் போயிப் பேச வைக்காதீங்க" என்றார்.

சார் இந்த முடிவுக்கு எந்த ஆண்டில் வந்தாரோ, அந்த ஆண்டோடு அவருடைய வாசிப்பும் நின்றிருக்கிறது.

30 ஆகஸ்ட்

மதுரையில் ஜெய்சனைப் பார்க்கும் டாக்டரம்மாவிடம் பேசினேன். பையனின் ஆர்.என்.ஏ.வில் தவறான இடத்தில் வெட்டு விழுகிறது என்று காட்டிவிட்டால் நோய் உறுதியாகிவிடும் என்றார். உறுதியானால் மாதம் ஒருமுறை காரணியை ஏற்றலாம். மண்டைக்குள் இன்னொரு தடவை கசியாது. ஏற்றின பிளாஸ்மா இந்தச் சோதனையைக் குழப்பாது, ஆர்.என்.ஏ. அவனுடைய சொந்த செல்லில்தான் இருக்கும். "இன்னொரு தடவை கசிஞ்சா என்னால உறுதி சொல்ல முடியாதும்மா" என்றும் சொன்னார்.

அவர் நம் துறைக்கு எழுதிக் கேட்டதும் சாருக்கு ஞானம் பிறந்தது. மதுரையில் நம் பெயர் தெரிந்திருக்கிறதே. "நம்ம பெயர்" என்றால் அவர் பெயர்.

15 செப்டம்பர்

ரத்தம் எடுக்கப் போனேன். ஜெபசீலன் சட்டைக் கையை மடித்து முதலில் நீட்டினார். கெசியா என்னைத் தனியே கூப்பிட்டு, "எனக்குப் புரியுத மாதிரி சொல்லுட்டி, கோயில்ல பாஸ்டர் சொல்லுத மாதிரி சொல்லாத" என்றாள்.

"திருச்செந்தூர் பஸ்ஸு எங்கனெங்கன நிக்கும்?" என்றேன்.

"கை காட்டுன இடத்துல எல்லாம் நிக்கும்."

அதேதான். பலகையை மட்டும் பார்த்து நின்றால் அந்த பஸ் என்றைக்கும் திருச்செந்தூர் போய்ச் சேராது. சாலையோரம் நூறு பலகை இருக்கிறது: துருப்பிடித்தது, கட்சிக்காரர் வைத்தது, சாய்ந்து கிடப்பது. பலகை தெளிவாக இருக்கிறதா, பக்கத்தில் கை காட்ட ஆள் நிற்கிறதா, 'நிக்காத, போ' என்று விரட்ட ஆள் இருக்கிறதா, அடுத்த நிறுத்தம் எவ்வளவு தூரம் என்று எல்லாமாகச் சேர்ந்துதான் ஓட்டுநர் முடிவெடுக்கிறார். பஸ் மெதுவாக வந்தால் மங்கலான பலகையில்கூட நின்றுவிடுவார். செல்லும் இப்படித்தான் தேர்ந்தெடுக்கிறது. அடையாளம், பக்கத்தில் உட்கார்ந்து ஊக்குகிற புரதங்கள், தடுக்கிற புரதங்கள், படியெடுக்கும் வேகம்.

"இவனுக்கு என்ன ஆயிருக்குன்னா, கருங்குளம் ஸ்டாப்புக்கு முன்னாலயே வாழத்தோப்புக்குள்ள புதுசா ஒரு பலகை மொளச்சிருக்கு. ஒத்த எழுத்து. பஸ்ஸு அங்கன நின்னு சனத்த எறக்கி விட்டுட்டுப் போயிருது. கருங்குளத்துக்காரன் வீடு போய்ச் சேரல."

கெசியா யோசித்தாள். "எல்லா பஸ்ஸுமா?"

நாலு வருடத்தில் தில்லைநாயகம் சார் இப்படி ஒரு கேள்வி கேட்டதில்லை.

"அதப் பாக்கத்தான் ரத்தம்."

10 அக்டோபர்

நாளை ஆயுத பூஜை விடுமுறை, அதனால் அலங்காரமெல்லாம் இன்றே. ரத்தத்திலிருந்து பிரித்த ஆர்.என்.ஏ. எல்லாம் ஆழ்உறைபெட்டியில் பத்திரமாக இருக்கிறது. சோதனைக்கு வேண்டிய வேதிப்பொருள் சென்னையிலிருந்து பதினான்காம் தேதி வருகிறது. ஆய்வுக்கூடம் முழுக்கச் சந்தனம், குங்குமம். மையவிலக்கிக்கு மாலை. பொரிகடலை நன்றாக இருந்தது.

14 அக்டோபர்

சொரிமுத்து வாசலிலேயே நின்றுகொண்டிருந்தான். என்னுடைய இளைய ஆய்வாளன். கெட்ட செய்தியைச் சொல்லும்போது மட்டும் மரியாதையாக நிற்பான்.

"அக்கா, ஒக்காருங்க."

"என்னலே?"

"ஒங்க ஆர்.என்.ஏ. சாமிகிட்ட போயிட்டு."

ஆழ்உறைபெட்டியை அணைத்திருக்கிறார்கள். வெள்ளி, சனி, ஞாயிறு. கதவைத் திறந்தால் தண்ணீர். கதவின் மேல் மூன்று விரல் விபூதி, அழகாக. ஆர்.என்.ஏ. சாதாரண அறைச் சூட்டில் தயிர்சாதம் தாங்கும் அளவுகூடத் தாங்காது.

அணைத்தது தில்லைநாயகம் சார். தன் கையால். பூஜையில் வைத்த ஆயுதத்தை எடுக்கக்கூடாதல்லவா. "வருஷம் பூரா ஓடுது. அதுக்கும் ஓய்வு வேண்டாமாம்மா? என் ஸ்கூட்டருக்கே மூணு நாள் குடுக்கேன்" என்றார். ஒரு வருத்தமும் இல்லை. இயந்திரத்தின் மேல் இவ்வளவு இரக்கம் உள்ள மனிதரை நான் பார்த்ததில்லை.

கெசியாகிட்ட என்னன்னு சொல்லுவேன்? சாமி கும்பிட்டதுல ஒம்பிள்ள ரத்தம் கெட்டுப்போச்சின்னா? அந்தப் பிள்ள கைய நீட்டிக்கிட்டு ஒரு சத்தம் போடாம இருந்துச்சே. ஊசி குத்துன இடம் ஒரு வாரம் நீலமா இருந்திச்சின்னு சொன்னாளே.

15 அக்டோபர்

சொல்லவில்லை.

16 அக்டோபர்

சொன்னேன். தொலைபேசியில்தான். "எங்க சபையிலயும் மைக்செட்டுக்கு ஜெபம் பண்ணுவாவ. ஆனா அணைக்க மாட்டாவ" என்றாள். சிரித்தாளா என்று தெரியவில்லை.

22 அக்டோபர்

பள்ளியிலிருந்து யாரோ எழுதிப்போட, குழந்தைகள் நல அலுவலர்கள் இருவர் கெசியா வீட்டுக்கு வந்திருக்கிறார்கள். சமையலறையில் அகப்பை எங்கே இருக்கிறது என்றுகூடப் பார்த்தார்களாம். ஜெபசீலனைத் தனியே கூப்பிட்டு, "மனைவிக்குக் கோபம் வருமா?" என்று கேட்டிருக்கிறார்கள். மனிதர், "எல்லாருக்கும் வருமே" என்று நேர்மையாகச் சொல்லித் தொலைத்திருக்கிறார். கணக்கு வாத்தியார் அல்லவா.

மறுபடி வருவார்களாம். அதுவரை பையன் பாட்டி பொறுப்பில் இருந்தால் நல்லது என்று யோசனை சொல்லியிருக்கிறார்கள். பாட்டி என்றால் சாலோமி அத்தை.

கெசியா மூன்று நாளாக அவனைக் குளிப்பாட்டவில்லை. தொடப் பயமாக இருக்கிறதாம்.

27 அக்டோபர்

மறுபடி ரத்தம். ஜெய்சன் என்னைக் கண்டதும் தானாகவே கையை நீட்டினான். நான் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டேன்.

சாலோமி அத்தை வந்து நடுவில் உட்கார்ந்தார். "எல்லாருக்கும் எடுக்கியளே, எனக்கும் எடு. இவன் ரத்தத்துக்குப் பக்கத்துல எங்க ரத்தத்தயும் வச்சிப் பாரு. அப்பத் தெரியும், கோளாறு எங்கன இருந்து வந்துச்சின்னு."

"அத்த, நானும் ஒங்க ரத்தந்தான்" என்றாள் கெசியா, பைய.

"நீ எங்க அண்ணன் மக. ஒங்கம்மா வேற ஊரு."

ஒப்புதல் தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டு, ஜெபம் பண்ணிவிட்டு, கையை நீட்டினார். இவ்வளவு உற்சாகமாக ரத்தம் கொடுத்தவரை ஊசி குத்த வந்திருந்த நர்ஸ் பார்த்திருக்க மாட்டார்.

பனிக்கட்டிப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தேன். கருங்குளத்துக்கு முன்னால், வாழைத்தோப்பு ஓரம், ஒருவர் கை காட்ட, பஸ் நின்றது. பெட்டியை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

28 அக்டோபர்

ஆழ்உறைபெட்டியை நம்பவில்லை. நேற்று ராத்திரியே ஆர்.என்.ஏ. பிரித்து, எளிதில் கெட்டுப்போகாத டி.என்.ஏ. படியாக மாற்றி, இன்று மதியம் நீளவாரியாகக் கோடுகளாகப் பிரித்துக் காட்டும் கூழ்ப்பலகையில் ஓட்டிவிட்டேன். சொரிமுத்து வாசலில் காவல். "சாரு வந்தா இருமுதேன்" என்றான்.

ஒப்பிடுவதற்காக எடுத்த என்னுடைய ரத்தத்தில் ஒரே கோடு, இருக்க வேண்டிய இடத்தில்.

ஜெய்சனுக்குக் கீழே ஒரு தடித்த கோடு. குறைந்த நீளம். வாழைத்தோப்பு. மேலே, சரியான இடத்தில், இருக்கிறதா இல்லையா என்று சந்தேகப்படும் அளவுக்கு ஒரு நூல். எல்லா பஸ்ஸும் இல்லை கெசியா. ஒன்றிரண்டு கருங்குளம் போய்ச் சேருகிறது. அந்த ஒன்றிரண்டில்தான் உன் பிள்ளை நாலு வருடம் ஓட்டியிருக்கிறான்.

கெசியாவுக்கு இரண்டு கோடும். ஜெபசீலனுக்கு இரண்டு கோடும். எதிர்பார்த்ததுதான், ஆளுக்கொரு நல்ல படி இருப்பதால் அவர்களுக்கு ஒன்றும் செய்யாது.

சாலோமி அத்தைக்கும் இரண்டு கோடு.

"இது யாருக்கா?" என்றான் சொரிமுத்து.

"கலங்காத ரத்தம்" என்றேன்.

29 அக்டோபர்

படத்தைப் பார்த்துவிட்டுச் சார் சொன்னார்: "பிரமாதம். இந்த மங்கலா ஒரு கோடு இருக்குல்லா, அத மட்டும் வெட்டிருங்க. பாக்கச் சுத்தமா இருக்கும்."

எங்கே வெட்டுவது என்று ஒரு செல்லுக்குத் தெரிகிறது.

"அந்தக் கோட்டுலதான் சார் பையன் உயிரோட இருக்கான்" என்றேன். குரல் உயர்ந்துவிட்டது. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். முழுப் படத்தையும் அப்படியே மதுரைக்கு அனுப்பிவிட்டேன், அவரைக் கேட்காமல். பட்டம் என்ன ஆகுமோ. பாங்காக ஏதாவது ஆகும்.

6 நவம்பர்

டாக்டரம்மா ஏற்றுக்கொண்டார். பதின்மூன்றாம் காரணிக் குறைபாடு என்று எழுதி, மாதாமாதம் ஏற்றவும் பள்ளிக்கும் அலுவலர்களுக்கும் சொல்லவும் ஏற்பாடு செய்துவிட்டார். கெசியாவைத் தொலைபேசியில் கூப்பிட்டேன். பின்னால் வாளியில் தண்ணீர் விழும் சத்தமும் ஜெய்சன் கத்துவதும் கேட்டன. குளிப்பாட்டிக்கொண்டிருந்தாள்.

10 நவம்பர்

ஸ்ரீவைகுண்டம் போகும் வழியெல்லாம் சாலோமி அத்தைக்கு ஒரு பேச்சுத் தயாரித்தேன். தொடக்கம் பணிவாக இருக்கும். நடுவில் 'உங்கள் குடும்பத்து ரத்தம்' என்ற தொடர் நாலு இடத்தில் வரும். கெசியாவின் அப்பாவும் அத்தையும் ஒரே வயிற்றுப் பிள்ளைகள். கோளாறு இரு பக்கமும் வந்தது அந்த ஒரு வீட்டிலிருந்துதான். கலங்கிவிடாமல் பத்திரமாகத் திரும்பக் கொண்டுவந்து சேர்த்ததும் அத்தைதான். கடைசி வாக்கியத்தைப் புதுக்குடி வரும்வரை செதுக்கினேன். நல்ல வாக்கியம்.

அத்தை முற்றத்தில் மொச்சை உரித்துக்கொண்டிருந்தார். நிமிராமலேயே கேட்டார்: "எங்கிட்ட இருந்தா?"

என் பேச்சு போன இடம் தெரியவில்லை. "ஆமா அத்தை. ஒங்க அண்ணன்கிட்டயும் இருந்திருக்கும்."

உரித்துக்கொண்டே இருந்தார். கெசியா கதவருகில் நின்றாள்.

"எனக்கு முன்னால எங்கம்மைக்கு ரெண்டு ஆம்பளப் பிள்ள. ரெண்டும் தொப்புள்கொடி விழுந்து ரத்தம் போயிச் செத்துச்சி. எங்கம்மதான் அமுக்கிக் கொன்னுட்டான்னு ஊர்ல பேசினாவ. எங்கய்யாவும் பேசினாரு. சாகுத வரைக்கும் அவ கையில யாரும் பிள்ளயக் குடுக்க மாட்டாவ. நானே குடுக்க மாட்டேன், இவன் பொறந்தப்ப." ஜெபசீலன் இருந்த அறையைத் தலையால் காட்டினார்.

மொச்சைத் தொலியைக் கூட்டி ஒதுக்கினார்.

"அப்ப எங்கம்ம அமுக்கல."

"இல்ல அத்தை."

"ம்."

கெசியா வந்து எதிரே உட்கார்ந்து, முறத்திலிருந்து ஒரு கை மொச்சையை எடுத்து உரிக்கத் தொடங்கினாள். இருவரும் ஒருவரையொருவர் பார்க்கவில்லை. யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை. நானும் உரித்தேன். வேறு என்ன செய்ய.

பஸ்ஸில் அந்த நல்ல வாக்கியத்தை நினைத்துப் பார்த்தேன். கூசியது.

18 பிப்ரவரி 2025

மாநிலக் கருத்தரங்கில் தில்லைநாயகம் சார் உரை. தலைப்பு: 'மௌன மாற்றங்கள் மௌனமானவை அல்ல: ஒரு நீண்டநாள் நம்பிக்கை'. யாருடைய நம்பிக்கை என்று சொல்லவில்லை. ஆசிரியர் பட்டியலில் என் பெயர் மூன்றாவது. இரண்டாவது அவருடைய தம்பி மகன். அவனுக்கு இடம் கிடைத்துவிட்டது.

படத்தில் மங்கலான கோடு இருந்தது. கேள்வி நேரத்தில் ஒருவர் அதைப் பற்றித்தான் கேட்டார். சார் என்னைப் பார்த்தார். எழுந்து சொன்னேன். பஸ்ஸை வைத்தே சொன்னேன்.

2 அக்டோபர்

நேற்று பூஜை. ஆழ்உறைபெட்டி ஓடிக்கொண்டே சந்தனம் வாங்கிக்கொண்டது. சொரிமுத்து சுவிட்சின் மேல் ஒரு சாமி படத்தை ஒட்டிவிட்டான். இனி அதை அணைக்க வேண்டுமானால் சாமியைக் கிழிக்க வேண்டும். சார் நெடுநேரம் பார்த்துவிட்டு விபூதி மட்டும் பூசினார்.

மாலையில் கெசியா பேசினாள். ஜெய்சன் முந்தாநாள் பந்துக்குப் பின்னால் ரோட்டுக்கு ஓடியிருக்கிறான். திருச்செந்தூர் பஸ் ஒரு முழத்தில் நின்றதாம்.

"பயத்துல கைய வச்சிட்டேன்ட்டி. முதுகுல ஒண்ணு. நல்லா விழுந்துட்டு. மொத தடவ."

"அத்தை?"

"வாசல்லதான் நின்னாவ. 'இன்னொண்ணு வையி, அப்பத்தான் ஒறைக்கும்'ன்னாவ."

அன்று ராத்திரி அவளுக்குத் தூக்கமே இல்லை. விடிந்ததும் முதல் வேலையாகச் சட்டையைத் தூக்கி, நீலம் கட்டியிருக்கிறதா என்று பார்த்திருக்கிறாள். அவளுக்குப் பின்னால் நின்று அத்தையும் எட்டிப் பார்த்தாராம்.

முதுகில் ஒன்றுமில்லை.